ஒரே அலமாரியில் இரண்டு பிரதி

"தங்கச்சி, என் கம்ப்யூட்டர்ல 400 ஜிபி இருக்கு. பாதிக்கு மேல போட்டோ, வீடியோ. பிள்ளைங்க சர்டிபிகேட் ஸ்கேன் பண்ணது கொஞ்சம். அப்புறம் எங்க அப்பா பேசினது ஒன்பது மணி நேரம். தோட்டத்துல பால் வெட்டின காலத்தைப் பத்தி அவரே சொன்னது. அவர் போய் மூணு வருஷம் ஆகப் போகுது. அது மட்டும் போயிடக் கூடாது. ஹார்ட் டிஸ்க் வாங்கலாமா, கிளவுட்ல போடலாமா? எது நம்பகமானது?"

கிள்ளானிலிருந்து ஒரு வாசகி அக்கா புலனத்தில் அனுப்பிய குரல்பதிவு இது. பாட்டும் சினிமாவும் பழைய வானொலிக் கதைகளும் எழுதும் பத்திக்கு இப்படியொரு கேள்வியா என்று நினைக்க வேண்டாம். ஒலிப்பதிவை வைத்துப் பிழைப்பவள் என்பதால் இந்தக் கேள்வி என்னிடம் அடிக்கடி வருகிறது. தீபாவளி, பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு அதிகமாக வரும். அப்போதுதான் எல்லாரும் பழைய படங்களைத் தேடிப் பார்த்திருப்பார்கள்.

என் பதிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "டிஸ்கா, கிளவுடா" என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க முயன்றால் இரண்டிலுமே ஏமாந்து போகலாம். முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: என் முதல் பிரதியை எது அழிக்குமோ, அதே விஷயம் என் இரண்டாவது பிரதியையும் சேர்த்து அழிக்குமா? அழிக்கும் என்றால், கையில் இருப்பது ஒரே பிரதிதான், எத்தனை டிஸ்க் வாங்கியிருந்தாலும்.

இதை நம் ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 2021 டிசம்பர் 17, வெள்ளிக்கிழமை தொடங்கிய மழை மறுநாளும் விடவில்லை. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் ஏறிய வேகத்தில், மாடி இல்லாத வீடுகளில் இருந்தவர்கள் கூரைமேல் ஏறி நின்றார்கள். நாடு முழுவதும் 50 பேருக்கு மேல் உயிரிழந்தார்கள். அந்தப் பருவத்து வெள்ளத்தின் மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை பிறகு கணக்குச் சொன்னது. அந்தக் கணக்கில் சோபாவும் காரும் இருக்கும். கல்யாண ஆல்பத்துக்கு அதில் விலை கிடையாது.

தண்ணீர் வடிந்தபின் துப்புரவுக்குப் போன தொண்டர்களோடு நானும் இரண்டு நாள் போயிருந்தேன். தெரு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மெத்தை, அலமாரி, குளிர்சாதனப் பெட்டி. ஒரு வீட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பொருளாகத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கணினிப் பெட்டி சேறு பூசிக் கிடந்தது. பக்கத்திலேயே கறுப்பு நிற வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று. "ரெண்டு காப்பி வெச்சிருந்தேன்மா," என்றார். "ரெண்டும் இதே அலமாரிலதான்."

அவர் கவனமில்லாத மனிதர் இல்லை. மாதம் தவறாமல் பிரதி எடுத்தவர். டிஸ்க்கைப் பெட்டியில் போட்டு, பத்திரங்களோடு கீழ் டிராயரில் பூட்டி வைத்தவர். திருடன் வந்திருந்தால் அந்த ஏற்பாடு போதும். கணினி பழுதாகியிருந்தாலும் போதும். வந்தது தண்ணீர். இரண்டு தெரு தள்ளி வேறொரு குடும்பத்துக்கு மட்டும் படங்கள் தப்பின. பினாங்கில் படிக்கும் மகள் தன் மடிக்கணினியில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தாள். திட்டமெல்லாம் ஒன்றுமில்லை, ஹாஸ்டலில் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்றுதான்.

(வெள்ளத்தில் நனைந்த டிஸ்க் கையில் இருப்பவர்களுக்கு ஒரு குறுக்குப் பேச்சு. அதற்கு மின்சாரம் கொடுத்து "வேலை செய்யுதா" என்று பார்க்காதீர்கள். ஹேர் டிரையர், வெயில், அரிசி மூட்டை எதுவும் வேண்டாம். சாதாரண ஹார்ட் டிஸ்கில் காற்று போய்வர ஒரு நுண்துளை இருக்கிறது, தண்ணீரும் அதன் வழியே போயிருக்கும். காய்ந்தால் சேறு தட்டின்மேல் ஒட்டிக்கொள்ளும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, தரவு மீட்பு வேலை செய்பவரிடம் கொடுப்பதுதான் வழி. செலவு ஆயிரக்கணக்கில் போகலாம், மீளும் என்ற உத்தரவாதமும் கிடையாது.)

பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 2005-இல் படங்களைப் பாதுகாப்பது பற்றி ஒரு புத்தகம் எழுதினார். "3-2-1" என்று இன்று கணினிக்காரர்கள் எல்லாரும் சொல்லும் கணக்கைப் பரப்பியவர் அவர்தான். மூன்று பிரதி இருக்கட்டும், இரண்டு வகைப் பொருளில் இருக்கட்டும், ஒன்றாவது வேறு இடத்தில் இருக்கட்டும். நம் வீடுகளில் கடைசி எண்தான் எப்போதும் விடுபடுகிறது.

வீடு மட்டும் என்ன, அரசாங்கங்களிலும் அதே கதைதான். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசுத் தரவு மையத்தில் தீப்பிடித்தது. லித்தியம் மின்கலங்களை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது பற்றிய தீ. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்து வைத்த 'ஜி-டிரைவ்' என்ற சேமிப்பகம் அதில் அழிந்தது. 858 டெராபைட். அளவு மிகப் பெரியது என்பதால் வெளியே பிரதி எடுத்து வைக்கவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். சாம்சங் பிறந்த நாடு அது. நம் தமிழ் உலகத்தில் இதைவிட ஆறாத புண் 1981-இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகம். சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும். வேறு எங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. 2005-இல் தொடங்கிய நூலகம் என்ற இணையத் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி வருகிறது. எரியாமல் மிச்சமிருந்த வீட்டு அலமாரிகளைத் தேடிப் போய்ச் செய்ய வேண்டியிருந்த வேலை அது.

சரி, அக்காவின் 400 ஜிபிக்கு வருவோம்.

நான் சொல்லும் ஏற்பாடு: ஒரே அளவுள்ள இரண்டு வெளி ஹார்ட் டிஸ்க், 1 டெராபைட் போதும். ஒன்று உங்கள் வீட்டில். இன்னொன்று உங்கள் தங்கை வீட்டில். பிரிக்பீல்ட்ஸில் ஒன்பதாவது மாடியில் இருக்கிறார் என்றீர்களே, அருமையான இடம். கிள்ளானில் பக்கத்துத் தாமானில் இருக்கும் சித்தி வீடு வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வரும் 'பஞ்சிர்' அங்கேயும் வரும். மாதம் ஒரு தடவை துன் சம்பந்தன் சாலைக்குச் சாமான் வாங்கப் போகும்போது கையிலிருக்கும் டிஸ்க்கைக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கிருப்பதை வாங்கி வாருங்கள். இரண்டும் மாறி மாறிப் புதுப்பிக்கப்படும். எவ்வளவு மோசமான நாள் வந்தாலும் ஒரு மாத வேலைக்கு மேல் போகாது. மூன்றாவதாக, உயிரான சில கோப்புகளை மட்டும் கிளவுடில் வையுங்கள்.

முழு 400 ஜிபியையும் கிளவுடில் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம், ஆனால் கணக்குப் பாருங்கள். இணைய நிறுவனங்கள் விளம்பரத்தில் காட்டுவது பெரும்பாலும் இறக்கும் வேகம். ஏற்றும் வேகம் பல திட்டங்களில் அதைவிடக் குறைவு. விநாடிக்கு 50 மெகாபிட் ஏற்றும் வேகம் இருந்தால் 400 ஜிபி ஏற 18 மணி நேரம். 10 மெகாபிட் என்றால் கிட்டத்தட்ட நான்கு நாள், இடையில் ஒரு தடவைகூட அறுபடாமல் இருந்தால். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதையும் உங்கள் மின்னஞ்சலும் படங்களும் பங்குபோடும். ஆப்பிளும் மைக்ரோசாஃப்டும் தருவது 5 ஜிபி. அதற்கு மேல் மாதச் சந்தா. கார்டு காலாவதியாகி, கட்டணம் நின்றுபோய், எச்சரிக்கை மின்னஞ்சல் யாரும் திறக்காத பெட்டியில் கிடந்தால் நிலைமை என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

ஆனால் அப்பாவின் ஒன்பது மணி நேரம்? இது என் தொழில், தைரியமாகச் சொல்வேன். சிடி தரத்தில் சுருக்கப்படாத ஸ்டீரியோ ஒலி நிமிடத்துக்குப் பத்து எம்பி. ஒன்பது மணி நேரம் என்றால் ஆறு ஜிபிக்குள். கைப்பேசியில் எடுத்ததாக இருந்தால் அது ஏற்கெனவே சுருக்கப்பட்ட வடிவில்தான் இருக்கும், மொத்தமும் ஒரு ஜிபியைத் தாண்டுவதே சந்தேகம். இலவச இடமே போதும். இரண்டு வேறு நிறுவனங்களில் போட்டாலும் காசு கேட்க மாட்டார்கள். எது அதிக இடம் பிடிக்கிறதோ அதுதான் முக்கியம் என்று நினைத்துவிடுகிறோம். 400 ஜிபியில் 300 ஜிபி, பிறந்தநாள் விருந்தில் கேக் வெட்டும் வீடியோவாக இருக்கும். அப்பாவின் குரல் ஒரு மூலையில் இருக்கும்.

கிளவுட் விஷயத்தில் இன்னொரு குழப்பம் உண்டு. கூகுள் டிரைவ், ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவற்றைக் கணினியோடு இணைத்துவிட்டால் கோப்புகள் தாமாகவே மேலே போகின்றன. அதைப் பார்த்துப் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். இவை கண்ணாடி மாதிரி. நீங்கள் சிரித்தால் அதுவும் சிரிக்கும், நீங்கள் கோப்பை அழித்தால் அதுவும் அழிக்கும். பேரன் விளையாட்டுக்கு இடம் வேண்டும் என்று ஒரு கோப்புறையைத் தள்ளிவிட்டால், மேலேயும் அது குப்பைத் தொட்டிக்குப் போய்விடும். கூகுள் டிரைவ் தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு நிரந்தரமாகப் போய்விடும். நாம் அப்பாவின் கோப்பை மாதம் ஒருமுறை திறந்து பார்க்கிறோமா என்ன? திவசத்துக்கு ஒரு தடவை தேடுவோம், அப்போது தெரியும்.

ஒரு கேள்வி அக்காவிடம் நானே திருப்பிக் கேட்டேன். அப்பாவின் கைப்பேசியில் படம் இருந்ததா? இருந்தது. அது எந்தக் கணக்கில்? அவருடைய சொந்த கூகுள் கணக்கில். அவர் போனபின் யாராவது அதைத் திறந்தீர்களா? பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் கிடக்கும் தனிநபர் கணக்குகளையும் அவற்றில் உள்ள படங்களையும் அழிக்கலாம் என்பது கூகுளின் விதி. 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கினார்கள். இறந்தவர்களின் கணக்குகள்தான் இதில் முதலில் மாட்டுகின்றன, அவர்கள்தானே திறக்க வர மாட்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படியொரு கணக்கு இருந்தால், அவருடைய பழைய கைப்பேசியைச் சார்ஜ் போட்டு, இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டு, இன்றைக்கே திறந்து பாருங்கள். திறந்தால் 'கூகுள் டேக்அவுட்' என்ற வசதி வழியாக எல்லாவற்றையும் ஒரே மூட்டையாக இறக்கிக்கொள்ளலாம். அக்கா அன்று இரவே திறந்தார். கணக்கு இருந்தது. எப்படி என்று கேட்டால், மகன் அந்தக் கைப்பேசியில் எப்போதாவது யூடியூப் பார்ப்பானாம். திட்டிக்கொண்டே இருந்தாராம் அவனை.

"எங்க குடும்பப் புலனக் குழுவுல எல்லாப் படமும் இருக்கே" என்பவர்களுக்கு ஒரு வரி: புலனம் வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். பெரிதாக்கி அச்சுப் போட்டால் முகம் கலங்கித் தெரியும்.

இப்போது டிஸ்க் வாங்கும் பேச்சு. கொஞ்சம் ஊர்ப் பெருமை பேசிக்கொள்கிறேன். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ஹார்ட் டிஸ்க் ஆலை பல பத்தாண்டுகள் பெட்டாலிங் ஜெயாவில் ஓடியது. 2018 ஜூலையில் மூடும் முடிவை அறிவித்து, 2019 முடிவுக்குள் மூடினார்கள். மின்னணு ஆலைகளில் தலை முதல் கால் வரை வெள்ளை உடை போட்டு ஷிப்ட் வேலை பார்த்த நம் அம்மாக்கள், சின்னம்மாக்கள் எத்தனை பேர்! ஒரு தூசிகூட உள்ளே போகக் கூடாது என்று ஏன் அவ்வளவு கெடுபிடி என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்குக்குள் தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுழல, அதைப் படிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. தலைமுடி அதற்கு மலை. அதனால்தான் சுழன்றுகொண்டிருக்கும் டிஸ்க் மேசையிலிருந்து விழுந்தால் அதோடு கதை முடிந்துபோகலாம்.

விழாமலே போவதும் உண்டு. பேக்பிளேஸ் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னிடமுள்ள லட்சக்கணக்கான டிஸ்குகளில் எத்தனை பழுதாகின்றன என்று தொடர்ந்து வெளியிடுகிறது. 2024-இல் 1.57 விழுக்காடு. குளிரூட்டப்பட்ட, அதிராத அறையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு. நம் வீட்டு வெக்கையில், இடி மின்னலில் அதைவிடக் கூடத்தான் இருக்கும் என்பது என் ஊகம். இடி அதிகம் விழும் நாடுகளில் நம் நாடும் ஒன்று. டிஸ்க்கைக் கணினியில் செருகியபடியே விட்டால், மின்கம்பி வழியாக வரும் அதிர்ச்சி இரண்டையும் ஒன்றாகச் சுட்டுவிடும். பிரதி எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2017 மே மாதம் உலகத்தையே ஆட்டிய 'வான்னாகிரை' மாதிரியான கப்பம் கேட்கும் வைரஸ்கள், கணினியில் என்னவெல்லாம் செருகியிருக்கிறதோ அவற்றையும் சேர்த்துப் பூட்டிவிடும். டிராயரில் கிடக்கும் டிஸ்க்கை அவற்றால் தொட முடியாது.

எஸ்எஸ்டி வாங்கலாமா என்றால், அன்றாட வேலைக்கு அதுதான் வேகம், விழுந்தாலும் அவ்வளவு அஞ்ச வேண்டாம். ஆனால் வருடக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் பூட்டி வைக்க நான் அதைச் சொல்ல மாட்டேன். அது தரவை மின்னூட்டமாகப் பிடித்து வைத்திருக்கிறது, மின்னூட்டம் மெல்லக் கசியும். நன்றாக உழைத்துத் தேய்ந்த எஸ்எஸ்டி, 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரம் இல்லாமல் ஓராண்டு தரவைத் தாங்க வேண்டும் என்பதுதான் தொழில்துறை விதித்த தரம். 30 டிகிரி நமக்குக் காற்றாடி போட்ட அறை! பென்டிரைவ் இதைவிடப் பலவீனம். வீட்டில் கல்யாண விசிடி, டிவிடி வைத்திருப்பவர்கள் அவற்றை இந்த மாதமே கணினிக்கு மாற்றிவிடுங்கள். நம் ஈரக் காற்றில் பூஞ்சை வளரும், எழுதிய தட்டில் சாயம் வெளுக்கும். இப்போது வரும் மடிக்கணினிகளில் தட்டு போடும் இடமே இல்லாமல் போய்விட்டது, படிக்கும் கருவி ஒன்றைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும்.

விலையில் ஏமாற வேண்டாம். இணையக் கடைகளில் "16 டெராபைட்" என்று போட்டு, ஒரு குடும்பம் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடும் காசுக்கு விற்கிறார்கள். உள்ளே சின்ன மெமரி கார்டுதான் இருக்கும். கணினிக்கு 16 டெராபைட் என்று பொய் சொல்லும்படி மாற்றி வைத்திருப்பார்கள். உண்மையான இடம் நிறைந்ததும் பழைய கோப்பின்மேலேயே புதியதை எழுதும், பெயர்ப் பட்டியல் மட்டும் அப்படியே இருக்கும். நீங்கள் பார்க்கும்போது எல்லாம் இருப்பதுபோலத் தெரியும், திறந்தால் திறக்காது. லோயாட் பிளாசாவிலோ கிள்ளானில் உங்களுக்குத் தெரிந்த கடையிலோ, ரசீதும் உத்தரவாத முத்திரையும் கேட்டு வாங்குங்கள். 'எச்2டெஸ்ட்டபிள்யூ' என்ற இலவச நிரல், புது டிஸ்க்கை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்துப் பார்க்கும். ஒரு ராத்திரி ஓட விட்டால் போலி தெரிந்துவிடும்.

ஒரு பெட்டியில் இரண்டு டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவதை மற்றொன்றிலும் எழுதும் சேமிப்புப் பெட்டிகளையும் விற்பார்கள். கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டூடியோக்காரர்களுக்கு அது பயன்படும், வேலை நடுவில் நிற்காது. வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். இரண்டு டிஸ்கும் ஒரே பெட்டி, ஒரே பிளக். ஆசிரியரின் அலமாரி ஞாபகம் வருகிறதா?

பிரதி எடுப்பதற்குத் தனி மென்பொருள் வாங்கத் தேவையில்லை. மேக் கணினியில் 'டைம் மெஷின்' இருக்கிறது. விண்டோஸில் கண்ட்ரோல் பேனலுக்குள் 'ஃபைல் ஹிஸ்டரி' இருக்கிறது. டிஸ்க் செருகியிருக்கும்போது மணிக்கு ஒருமுறை மாறிய கோப்புகளைப் பிரதி எடுக்கும், பழைய வடிவத்தையும் அழிக்காமல் வைத்திருக்கும். தவறாக மாற்றிய கோப்பின் போன மாதத்து வடிவம் வேண்டும் என்றாலும் கிடைக்கும். ஆனால் ஒரு பொறி உண்டு. அது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற வழக்கமான இடங்களைத்தான் தானாகப் பார்க்கும். நம் ஆட்கள் பாதிப் பேர் படத்தையெல்லாம் 'டி' டிரைவில் "புது ஃபோல்டர் 3" என்று போட்டு வைத்திருப்பார்கள். அதை நீங்களாகச் சேர்க்காவிட்டால் அது தொடாது. பச்சை நிறத்தில் "எல்லாம் சரி" என்றும் காட்டும். இரண்டு டிஸ்க் மாற்றிப் போடுவதென்றால், வீட்டில் மாட்டும் ஒவ்வொரு தடவையும் எந்த டிஸ்க் என்று அங்கே தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். இதெல்லாம் தலைவலி என்றால், படம் இருக்கும் கோப்புறையை அப்படியே இழுத்து டிஸ்க்கில் போட்டு, மேலே தேதி எழுதிவிடுங்கள். அதுவும் பிரதிதான். வேலை அதிகம், ஆனால் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும்.

எடுத்த பிரதி திறக்கிறதா என்று பார்க்காமல் நிம்மதியாகத் தூங்காதீர்கள். சினிமாக்காரர்களே இதில் விழுந்திருக்கிறார்கள். 1998-இல் பிக்சார் நிறுவனம் 'டாய் ஸ்டோரி 2' எடுத்துக்கொண்டிருந்தபோது, யாரோ கொடுத்த ஒரே கட்டளையில் படத்தின் கோப்புகள் ஒவ்வொன்றாக மறையத் தொடங்கின. பிரதி இருக்கிறதே என்று எடுக்கப் போனால், அது சில வாரங்களாகவே சரியாகப் பதிவாகவில்லை. யாரும் திறந்து பார்த்ததில்லை. படத்தைக் காப்பாற்றியது கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப மேற்பார்வையாளர். குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர், வீட்டுக் கணினியில் ஒரு பிரதி வைத்திருந்தார். அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, கார் இருக்கையில் குழந்தைக்குப் போடுவதுபோல் பெல்ட் போட்டு அலுவலகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பினாங்கு மகள் கதைதான், ஹாலிவுட் செலவில்.

எனவே தங்கை வீட்டில் டிஸ்க் மாற்றும் அன்று, அவர் கணினியில் அதைச் செருகி மூன்று கோப்புகளைத் திறந்து பாருங்கள். ஒரு படம், ஒரு சான்றிதழ், அப்பா பேச்சில் நடுவிலிருந்து ஒரு நிமிடம். தொடக்கம் மட்டும் ஓடி நடுவில் நிற்கும் கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஐந்து ஆண்டு ஆனதும் டிஸ்க் நன்றாக ஓடினாலும் புதிதாக ஒன்று வாங்கி மாற்றிவிடுங்கள்.

அடையாள அட்டை, வங்கிக் காகிதங்களின் ஸ்கேன் இருந்தால் அவற்றை மட்டும் '7-ஜிப்' மாதிரி நிரலில் கடவுச்சொல் போட்டு மூட்டை கட்டுங்கள். டிஸ்க் தொலைந்தாலும் யாரும் திறக்க முடியாது. குடும்பப் படங்களைப் பூட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. பூட்டியவர் போனபின் பிள்ளைகள் திறக்க முடியாமல் நிற்பதை அதிகம் பார்க்கிறேன். திருடன் உங்கள் காதணி விழாப் படத்தைப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். கிளவுட் கணக்கின் கடவுச்சொல்லையும், இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்குத் தரும் மீட்புக் குறியீடுகளையும் தாளில் எழுதி, நகை வைக்கும் இடத்தில் வையுங்கள். கணினியில் எழுதி வைத்தால் கணினியோடு போய்விடும்.

கடைசியாக ஒன்று, இது தொழில்நுட்பம் இல்லை. பழைய ஒலிநாடாக்களைக் கொண்டுவந்து தரும் நேயர்களிடம் "யார் பேசுவது?" என்று கேட்டால் பல பேருக்குப் பதில் தெரியாது. பெட்டியில் "டேப் 2" என்றுதான் இருக்கும். அக்காவின் கோப்புகளுக்குக் கைப்பேசி வைத்த பெயர் ஆண்டு, மாதம், தேதி என்று வெறும் எண்கள். இன்று அவருக்குத் தெரியும். பேத்திக்குத் தெரியாது. கோப்புப் பெயரைத் தமிழிலேயே எழுதலாம், இன்றைய கணினிகள் ஏற்கும். அப்பா பெயர், தோட்டத்தின் பெயர், எந்த ஆண்டுக் கதை, பேச்சில் வரும் ஆட்கள் யார் யார், கேள்வி கேட்கும் குரல் யாருடையது. இவற்றை ஒரு தாளிலும் எழுதி, இரண்டு டிஸ்க் பெட்டிக்குள்ளும் ஒவ்வொன்று போடுங்கள். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை தண்ணீரில் கரையும்.